நோட்டரி கையெழுத்துக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? ராயபுரத்திலிருந்து ஒரு டைப்பிங் கடைக்காரி எழுதுகிறேன்

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் 16 வருடமாக ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு அபிடவிட்டாவது (சத்தியம் செய்து எழுதித் தரும் வாக்குமூலப் பத்திரம்) என் பிரிண்டரில் ஓடும். அதை எடுத்துக்கொண்டு நோட்டரி வக்கீலிடம், அதாவது கையெழுத்துக்குச் சான்று போட அரசு நியமித்த வக்கீலிடம், போகிறவர்கள் அட்டஸ்டேஷன் (சான்று போடுவது) முடிந்ததும் ஜெராக்ஸ் எடுக்க மறுபடி என்னிடமே வருவார்கள். "எவ்வளவு வாங்கினாங்க?" என்று கேட்பேன். ஒருவர் 150 என்பார், அடுத்தவர் 300 என்பார், அதே வேலைக்கு இன்னொருவர் 500 கொடுத்திருப்பார்.

போன தை மாதம் காசிமேட்டிலிருந்து ஒரு ஆயா வந்தார். கணவர் இறந்துவிட்டார், குடும்ப ஓய்வூதியம் வாங்க வேண்டும். கணவருடைய வேலைப் பதிவில் ஆயாவின் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி, இனிஷியலும் மாறியிருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று அபிடவிட் கேட்டிருக்கிறார்கள். எங்கேயோ போய் எழுதி வாங்கிக்கொண்டு போனார், அது திரும்பி வந்துவிட்டது. "எண்ணூறு ரூபா வாங்கினாங்க கண்ணு, இது செல்லாதுன்னு சொல்லிட்டாங்க" என்று மஞ்சப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். 200 ரூபாய் முத்திரைத்தாளில் டைப் அடித்திருந்தது. கீழே சிவப்பு ஸ்டிக்கர், அதன் மேல் வட்ட சீல். பக்கத்தில் நோட்டரியின் ரப்பர் ஸ்டாம்ப், அதில் அவருடைய தொழில் சான்றிதழ் எந்தத் தேதி வரைக்கும் என்று போட்டிருந்தது. அந்தத் தேதி முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ரசீது கேட்டேன். "அதெல்லாம் யாரும் தரல" என்றார்.

ஆயா அன்றைக்கு இழந்த 800 ரூபாயில் பெரும்பகுதியைக் கொடுத்திருக்கவே வேண்டியதில்லை. இது தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் குறைவு. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் தொகையைப் பிரித்துக் கேளுங்கள்

"மொத்தம் இவ்வளவு" என்று யாராவது சொன்னால் அதற்குள் மூன்று தனித்தனிக் காசு இருக்கும். முத்திரைத்தாளின் விலை ஒன்று, அது அரசாங்கத்துக்குப் போகிறது. எழுதி, டைப் அடித்துத் தருகிற கூலி இன்னொன்று, அது என்னைப் போன்றவர்களுக்கோ வக்கீலுக்கோ போகிறது. மூன்றாவதுதான் நோட்டரியின் கட்டணம். சட்டம் உச்சவரம்பு போட்டிருப்பது இந்த மூன்றாவதற்கு.

முத்திரைத்தாள் விஷயத்தில் பலரும் இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அபிடவிட்டுக்கும் சாதாரண ஒப்பந்தத்துக்கும் 20 ரூபாய்த் தாள் போதும் என்று இருந்தது. 2024 மே மாதத்திலிருந்து அது 200 ரூபாய் ஆகிவிட்டது. "முன்னாடி 20 ரூபாதானே, ஏன் இவ்வளவு?" என்று என்னிடம் சண்டைக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அந்த ஏற்றம் உண்மையானது, அது அரசு வரி. ஆனால் தாளில் 200 என்று அச்சிட்டிருந்தால் 200தான் கொடுக்க வேண்டும். 220, 250 என்று கேட்டால் கொடுக்காதீர்கள். முத்திரைத்தாள் விற்கும் லைசென்ஸ் உள்ள வெண்டருக்குக் கமிஷன் அரசாங்கமே தருகிறது. தாளின் பின்பக்கம் வெண்டர் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

ஆயாவின் கதையில் எனக்கு வயிற்றெரிச்சல் இந்த இடத்தில்தான். இந்திய முத்திரைச் சட்டத்தில் அபிடவிட்டுக்குச் சில விலக்குகள் இருக்கின்றன. நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதற்காகவே எழுதும் அபிடவிட்டுக்கு முத்திரைக் கட்டணம் கிடையாது. ஓய்வூதியமோ தரும உதவித்தொகையோ பெறுவதற்காக மட்டும் எழுதும் அபிடவிட்டுக்கும் கிடையாது. வெள்ளைத்தாள் போதும். விதவைகளும் முதியவர்களும் ஓய்வூதியத்துக்காக அலையும்போது அவர்கள் தலையில் 200 ரூபாயைக் கட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. எந்த அலுவலகத்தில் கொடுக்கப் போகிறீர்களோ அங்கேயே முதலில் கேளுங்கள்: "இது பென்ஷனுக்கு மட்டும், வெள்ளைத்தாளில் தரலாமா?"

டைப்பிங் கூலிக்குச் சட்ட வரம்பு இல்லை, பேசித்தான் கொடுக்க வேண்டும். என் கடையில் பக்கக் கணக்கு, முன்னாலேயே சொல்லிவிடுவேன். வக்கீல் உட்கார்ந்து விவரம் கேட்டு, சட்டம் பார்த்து வரைவு எழுதித் தந்தால் அதற்கு அவர் தனியாகக் கேட்பது நியாயம்தான். அதை "நோட்டரி சார்ஜ்" என்று சேர்த்துச் சொன்னால் மட்டும் கேள்வி கேளுங்கள்.

சட்டம் வைத்திருக்கும் வரம்பு

நோட்டரி தொழிலே 1952ஆம் வருடத்து நோட்டரி சட்டத்தின் கீழ் நடக்கிறது. மத்திய அரசும் மாநில அரசும் பல வருடம் வக்கீலாக இருந்தவர்களிலிருந்து நோட்டரிகளை நியமிக்கின்றன. கட்டணம் 1956ஆம் வருடத்து நோட்டரி விதிகளில், 10ஆவது விதியில் இருக்கிறது. இந்தியா முழுக்க ஒரே பட்டியல்தான். மத்திய அரசு நியமித்தவர், மாநில அரசு நியமித்தவர் என்று ரேட் மாறாது. பாரிமுனையில் ஐகோர்ட் வாசலில் உட்கார்ந்தாலும், திருவொற்றியூரில் உட்கார்ந்தாலும் மாறாது. விதியின் வாசகமே "இதற்கு மிகாமல்" என்பதுதான். அதனால் குறைவாக வாங்கலாம், கூடுதலாக வாங்கக் கூடாது.

பொதுமக்கள் அதிகம் போகிற இரண்டு வேலைகள், சத்தியம் வாங்கி அபிடவிட்டில் கையெழுத்துப் போடுவதும், ஒரு ஆவணத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டதற்கு அட்டஸ்ட் செய்வதும். இரண்டுக்குமே வரம்பு 100 ரூபாய்க்குள்தான். ஒரிஜினலைப் பார்த்து ஜெராக்ஸில் உண்மை நகல் என்று சான்று போடுவது பக்கக் கணக்கு. பக்கத்துக்கு ஒரு டீ விலைகூட ஆகாது, குறைந்தபட்சம் இவ்வளவு என்று மட்டும் ஒரு சிறு தொகை உண்டு. மொழிபெயர்த்துச் சரிபார்த்துத் தருவதற்குத் தனி ரேட். வெளிநாட்டில் பயன்படப் போகிற பவர் பத்திரம் போன்றவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல், சில நூறு ரூபாய் வரை. புரோநோட்டு, உண்டியல் (இன்னாருக்குப் பணம் கொடு என்று எழுதும் வியாபாரச் சீட்டு) ஆகியவற்றின் பணம் வராமல் போனால் அதைப் பதிவு செய்வதற்குத் தொகையைப் பொறுத்து நாலு படி: 10,000 வரை, 25,000 வரை, 50,000 வரை, அதற்கு மேல்.

அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு. கப்பலுக்கும் படகுக்கும் அதில் தனி இடம் இருக்கிறது. புயலிலோ விபத்திலோ சரக்கு சேதமானால், அது தங்கள் தவறில்லை என்று கப்பல் கேப்டன் கரைக்கு வந்ததும் நோட்டரி முன்னால் பதிவு செய்வார். துறைமுகத்தைப் பார்த்தே வளர்ந்தவள் நான். நோட்டரி என்றால் பள்ளிச் சான்றிதழுக்கு சீல் வைப்பவர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரேட் போர்டு வைக்க வேண்டும் என்பதும் அதே 10ஆவது விதியில் இருக்கிறது. நோட்டரி தன் அறையின் உள்ளேயும் வெளியேயும், கண்ணில் படுகிற இடத்தில் கட்டணப் பட்டியலை வைத்தாக வேண்டும். வாங்கிய காசுக்கு ரசீது கொடுக்க வேண்டும், வசூலைப் பதிவேட்டில் எழுதி வைக்கவும் வேண்டும் என்று 11ஆவது விதி சொல்கிறது. போர்டு, ரசீது, இந்த இரண்டையும் மறக்காதீர்கள். ரேட்டை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, "சார், ரேட் போர்டு எங்கே இருக்கு?" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

ஆயாவை நானே கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை வெள்ளைத்தாளில் அடித்தேன், கூலி வாங்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு நோட்டரி அம்மா, வீட்டு முன்னறையையே ஆபீஸாக வைத்திருக்கிறார், சுவரில் போர்டு இருக்கும். ஆயாவை உட்கார வைத்து, எழுதியிருந்ததைத் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டினார். "இதெல்லாம் உண்மைதானே ஆயா?" என்று கேட்ட பிறகுதான் கைநாட்டு வாங்கினார். பதிவேட்டிலும் ஒரு கைநாட்டு. 100 ரூபாய் கொடுத்தேன், மீதிச் சில்லறையும் ரசீதும் வந்தது. அந்தத் தாள் திரும்பி வரவில்லை.

நோட்டரிகள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மர மேசை போட்டு வெயிலில் உட்கார்ந்திருப்பவர் இந்த ரேட்டை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்கிறார். உண்மைதான், தொகை குறைவுதான். அதை ஏற்றித் தரச் சொல்லி அரசாங்கத்திடம் கேட்பது அவர்களுடைய உரிமை. ஆனால் ஏறும் வரைக்கும் அதை ரேட் தெரியாத காசிமேட்டு ஆயாவிடம் வசூலிக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

நோட்டரியே தேவைப்படாத வேலைகள்

காசு மிச்சம் பிடிக்க நல்ல வழி, தேவையில்லாத இடத்துக்குப் போகாமல் இருப்பது. என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேரை "இதுக்கு நோட்டரி வேண்டாம், வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பியிருக்கிறேன்.

பாஸ்போர்ட்: 2016 டிசம்பரில் வெளியுறவுத் துறை விதியை மாற்றியது. விண்ணப்பத்தோடு வைக்கும் இணைப்புப் படிவங்கள் எல்லாம் வெள்ளைத்தாளில் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடும் உறுதிமொழிதான். நோட்டரியும் வேண்டாம், மாஜிஸ்திரேட்டும் வேண்டாம். இதற்கும் 200 ரூபாய்த் தாள் வாங்கச் சொல்லி அனுப்புகிற புரோக்கர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வேலைக்கும் கல்லூரிக்கும் கொடுக்கும் சான்றிதழ் நகல்களுக்கு இப்போது பெரும்பாலான இடங்களில் சுய சான்று போதும். ஜெராக்ஸில் நீங்களே கையெழுத்துப் போடலாம். விண்ணப்பத்தில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று படித்துவிட்டுக் கிளம்புங்கள். கெஜடட் ஆபீசரின் பச்சை மை போதும் என்றிருந்தால், பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடமோ அரசு டாக்டரிடமோ காசில்லாமலே முடிந்துவிடும்.

அடுத்தது, நோட்டரி செய்து தந்தாலும் செல்லாத வேலைகள். எங்கள் பக்கம் ஜனங்கள் பெரிய பணத்தை இழப்பது இங்கேதான், கவனமாகப் படியுங்கள்.

வீடு, மனை விற்பனை நோட்டரி சீலில் முடியாது. 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்க, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த பத்திரம்தான் வேண்டும் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டம் சொல்கிறது. வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் வாரியக் குடியிருப்பு வீடுகளை ஒரு நோட்டரி அக்ரிமென்டில் "வாங்கியவர்கள்" என் கடைக்கு வந்து அழுதிருக்கிறார்கள். மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று சீட்டு எடுத்து, நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம். கையில் இருப்பது சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு தாள். அதை வைத்துக்கொண்டு அந்த வீடு என்னுடையது என்று கேட்க முடியாது.

கல்யாணமும் விவாகரத்தும் அப்படித்தான். நோட்டரி கல்யாணம் செய்து வைக்க முடியாது, விவாகரத்துப் பத்திரம் எழுதித் தரவும் முடியாது. 2024 அக்டோபரில் மத்திய சட்ட விவகாரத் துறை நோட்டரிகளுக்கே இதைத் திட்டவட்டமாக எழுதி அனுப்பியது. "நோட்டரி டைவர்ஸ்" என்று யாராவது 5,000, 10,000 கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். விவாகரத்துக்குக் குடும்ப நீதிமன்றம், கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகம். பெயர் மாற்றமும் நோட்டரி அபிடவிட்டோடு முடியாது, அரசிதழில் வர வேண்டும்.

வாடகை ஒப்பந்தத்தில் நோட்டரி சீல் இருந்தால்தான் செல்லும் என்பதும் தவறு. 2017ஆம் வருடத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. வீட்டுக்காரர் நோட்டரி கேட்டால் செய்துகொள்ளலாம், அது பதிவுக்கு மாற்று ஆகாது.

மேசை முன்னால் உட்காரும்போது

சீலை நன்றாகப் பாருங்கள். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட சீலாக இருக்க வேண்டும். அதில் நோட்டரியின் பெயர், அவர் வேலை செய்யலாம் என்று அனுமதித்த எல்லை, பதிவு எண், நியமித்த அரசின் பெயர், நாலும் இருக்கும். தொழில் சான்றிதழ் 5 வருடத்துக்குத்தான் தருவார்கள், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். அதனால் "சார், உங்க சர்டிபிகேட் எதுவரைக்கும் இருக்கு?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சான்றிதழ் இல்லாமல் நோட்டரி வேலை செய்தால் ஒரு வருடம் வரை சிறை என்று சட்டமே வைத்திருக்கிறது. மத்திய அரசு நியமித்தவர்களின் சான்றிதழ் வேலைகளுக்கு நோட்டரி போர்ட்டல் என்று ஒரு இணையதளம் 2024இல் வந்திருக்கிறது.

வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோகாதீர்கள். நோட்டரி சான்று சொல்வதே "இவர் என் முன்னால் கையெழுத்துப் போட்டார்" என்பதைத்தான். ஆள் போகாமலேயே ஆதார் ஜெராக்ஸை மட்டும் அனுப்பினால் சீல் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள், நாளைக்கு உங்கள் பெயரிலும் யாராவது அப்படி ஒரு தாள் வாங்கிவிடலாம். பதிவேட்டில் கையெழுத்து வாங்காமல் அனுப்பினால் நீங்களே கேட்டுப் போடுங்கள். பின்னால் ஒரு பிரச்சினை வந்தால் அந்தப் பதிவேடுதான் உங்களுக்குச் சாட்சி.

ஒரிஜினல் அடையாள அட்டை, நகல், சேதி முழுக்கத் தட்டச்சாகிய தாள், சில்லறை. இவை கையில் இருந்தால் போதும். பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்: "நோட்டரி பீஸ் மட்டும் எவ்வளவு, ரசீது தருவீங்களா?" ரசீது என்ற வார்த்தையைக் கேட்டதுமே 300 என்று சொன்னவர் 100 என்று இறங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நடக்க முடியாதவர்களுக்காக: ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்று வருகிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். நோட்டரி நேரில் வரலாம். கட்டணத்துக்கு மேல் பயணப்படி வாங்கிக்கொள்ள விதி அனுமதிக்கிறது, அதுவும் கிலோமீட்டர் கணக்கில்தான். கல்மண்டபத்திலிருந்து ஸ்டான்லிக்கு வர 2,000 கேட்டால் அது பயணப்படி ஆகாது. கையெழுத்துப் போடுபவர் நினைவோடு, புரிந்துகொள்ளும் நிலையில் இருக்க வேண்டும். டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கி வைப்பது நல்லது.

வக்கீலுக்குக் காசில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட, பழங்குடியின மக்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்ற கேள்வி இல்லாமலே இலவச சட்ட உதவி கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். மாநில ஆணைக்குழுவின் அலுவலகம் ஐகோர்ட் வளாகத்தின் வடக்குக் கோட்டைச் சாலைப் பக்கம் இருக்கிறது, ராயபுரத்திலிருந்து ஒரு பஸ்தான்.

அதிகம் வாங்கிவிட்டால்

சத்தம் போட்டுப் பயனில்லை. சீலில் எந்த அரசின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாடு அரசு என்றிருந்தால் கோட்டையில் தலைமைச் செயலகத்தில் இருக்கும் சட்டத் துறைக்கு எழுத வேண்டும். இந்திய அரசு என்றிருந்தால் டெல்லியில் மத்திய சட்ட விவகாரத் துறைக்கு. நோட்டரி விதிகளில் 13ஆம் படிவம் என்று ஒன்று இருக்கிறது, புகாரை அதில்தான் தர வேண்டும். எந்தத் தேதி, எந்த வேலை, எவ்வளவு கேட்டார், போர்டு இருந்ததா, ரசீது கொடுத்தாரா என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். திட்டி எழுத வேண்டாம். விசாரணையில் தவறு உறுதியானால் சான்றிதழை ரத்து செய்யவும், கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கவும், எச்சரிக்கவும் அரசுக்கு அதிகாரம் உண்டு.

கூகுள் பேயில் அனுப்பியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை பிரிண்ட் எடுத்து இணையுங்கள், ரசீது கிடைக்காதவர்களுக்கு அதுவே ஆதாரம். சீல் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஆவணத்தின் ஜெராக்ஸ் ஒன்று வையுங்கள். ஒரிஜினலை அனுப்பிவிடாதீர்கள். ஸ்பீட் போஸ்ட்டில் போட்டு, அதன் ரசீதைப் புகார் நகலோடு சேர்த்துப் பின் அடித்து வைத்துக்கொள்ளுங்கள்.